ஆகாயத்தில் மூன்றாம் வகுப்பு

வெளிநாட்டில் மகனோ மகளோ குடியேறிவிட்ட குடும்பங்கள் நம் சங்கத்தில் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. முன்பெல்லாம் மாதக் கூட்டம் முடிந்து காப்பி அருந்தும் வேளையில், திருநெல்வேலிப் பக்கம் போக எந்த வண்டியில் இடம் கிடைக்கும் என்று என் தந்தையாரை வழிமறித்துக் கேட்பார்கள். இன்று அதே வேளையில் என்னை வழிமறிப்பவர்கள், டொராண்டோவுக்கு எந்த விமானம் தேவலை, நடுவழியில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், வயதானவர்களின் உடம்பு தாங்குமா என்று விசாரிக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் என் அன்னையாரை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய் வந்தவன் என்பதைத் தவிர இத்துறையில் எனக்கு வேறு தகுதி கிடையாது. தனித்தனியே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டபடியால், நடந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. நடுவில் நாங்கள் இறங்கி வேறு விமானம் ஏறிய நகரத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஊரைச் சொன்னால் கம்பெனி தானாகவே விளங்கிவிடும். என் முறையீடு இன்னும் விசாரணையில் இருப்பதால் இந்த அடக்கம்.

நான் கல்யாண் சந்திப்பில் டிக்கெட் ஜன்னலுக்கு உட்புறம் அமர்ந்து பிழைப்பவன். தந்தையார் ரயில்வேப் பணியில் இருக்கும்போதே காலமாகிவிட, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு கருணை அடிப்படையில் எனக்கு இந்த உத்தியோகம் கிடைத்தது. ஆண்டுக்கு 3 செட் பாஸ் உண்டு. குடும்பத்தோடு கன்னியாகுமரி வரை காசில்லாமல் போய் வரலாம். ஆகாயத்தில் அந்தப் பாஸ் செல்லாது. டிக்கெட் பணம் முழுவதையும் டொராண்டோவில் இருக்கும் மைத்துனர்தான் அனுப்பிவைத்தார்.

தங்கைக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும் என்பது நம் வழக்கம். மகள் வர இயலாதபோது தாய்வீடு எழுந்து மகளிடம் போக வேண்டியதுதான். சம்பந்தியம்மாள் முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு நடமாட்டம் குறைந்தவர். ஆகவே 67 வயதான என் அன்னையார் புறப்பட்டார். மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே போய்ச் சேரும்படி டிக்கெட் எடுத்தோம். துணைக்கு நான், அயல்நாடு செல்ல அலுவலக அனுமதி பெற்று, 16 நாள் விடுப்பில்.

முதலில் இருக்கையைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஏனெனில் அதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. 1952-ஆம் ஆண்டில்தான் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேலே பறந்த கம்பெனிகள் குறைந்த கட்டணத்தில் 'டூரிஸ்ட்' வகுப்பு என்று ஒன்றை ஏற்படுத்தின. 1958-இல் அதனினும் மலிவாக 'எகானமி' வகுப்பு வந்தது. அதற்கு முன்பு அந்த வழியில் விமானம் சீமான்களின் வாகனம். இடத்தைக் குறுக்கி ஆளைக் கூட்டினால்தான் கட்டணம் குறையும் என்பது ரயில்வேக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் ஏறிய போயிங் 777 விமானம் 1995-இல் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கியது. அப்போது பல கம்பெனிகள் எகானமி வகுப்பில் வரிசைக்கு 9 பேரை உட்கார வைத்தன. இப்பொழுது பெரும்பாலும் 10 பேர். விமானத்தின் உடல் அகலமாகவில்லை. பிரயாணியின் உடலும் சுருங்கவில்லை. ஆளுக்கு ஏறக்குறைய 17 அங்குல அகலம். முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் இடையே 31 அங்குலம், அதிலும் இருக்கையின் கனம் கழித்து மிச்சம்தான் நம் முழங்காலுக்கு. இரண்டாவது விமானத்தில் இப்படி 14 மணி நேரம்.

நம் ஸ்லீப்பர் பெட்டியில், பழைய கணக்குப்படி, 72 பேர் படுத்துக்கொண்டு போகிறார்கள். துர்நாற்றம் உண்டு, தூசி உண்டு, நடுநிசியில் தோளைத் தட்டி "இது என் பெர்த்" என்பவர்கள் உண்டு. ஆனாலும் முதுகைக் கிடத்த ஒரு பலகை இருக்கிறது. அன்னையார் இதை விமானத்தில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு படுக்க இடம் கொடுக்கவில்லையே" என்றார். முன்பக்கம் திரைக்கு அப்பால் படுக்க இடம் இருக்கிறது, அதற்கு எங்கள் கட்டணத்தைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டும் என்றேன். "அப்படியானால் நாம் மூன்றாம் வகுப்பு" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

உடம்பு படும் பாட்டையும் சொல்ல வேண்டும், கேட்டவர்கள் பலர். விமானத்துக்குள் காற்றின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். உதகமண்டலம் ஏறக்குறைய 7,350 அடி. ஆக, 14 மணி நேரம் உதகையில் உட்கார்ந்திருப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உதகையின் ஈரம் அங்கே இல்லை. காற்று அவ்வளவு வறட்சி. உதடு வெடிக்கிறது, நாக்கு ஒட்டுகிறது. கால்களைத் தொங்கவிட்டபடியே நெடுநேரம் உட்கார்ந்தால் வீங்கும். சிலருக்குக் காலின் ஆழ்ந்த நரம்புகளில் இரத்தம் உறைந்துவிடுவதும் உண்டு. மணிக்கொரு தரம் எழுந்து நடக்கவும், கணுக்காலை மேலும் கீழும் அசைக்கவும், அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் எங்கள் ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்படிச் செய்தும், இறங்கியபோது அன்னையாரின் பாதம் செருப்புக்குள் நுழையவில்லை.

எல்லாவற்றையும்விட அவருக்கு அலுப்பாயிருந்தது வழியில் ஊர் இல்லாமல் போனது. நாற்பது ஆண்டுகளாகப் புணே, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று எண்ணிக்கொண்டே ஊருக்குப் போய் வந்தவர். எந்த ஸ்டேஷனில் டீ நன்றாயிருக்கும், எங்கே குரங்கு ஏறும் என்பதெல்லாம் அத்துப்படி. "இப்போது எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு முன்னிருந்த சிறு திரை பழுது. என்னுடையதில் படம் ஓடவில்லை என்றாலும் வரைபடம் மட்டும் தெரிந்தது. கருங்கடல் என்றேன், ருமேனியா என்றேன், கிரீன்லாந்து என்றேன். எதுவும் அவர் மனத்தில் நிற்கவில்லை.

இவ்வளவும் நாங்கள் தெரிந்து வாங்கிய சரக்கு. மலிவு டிக்கெட்டை வாங்கிவிட்டு மெத்தை எங்கே என்று கேட்பது நியாயமல்ல. நம் ரயிலில் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் ஒழிந்தது. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராயிருந்த மது தண்டவதே காலத்தில், வெறும் பலகையாயிருந்த இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு மெத்தை தைக்கத் தொடங்கினார்கள். அந்த மாறுதலைப் பற்றித் தந்தையார் கடைசி வரை சொல்லிச் சொல்லி மகிழ்வார். ஆனால் அதற்கும் வெகுகாலம் முன்பு, 1917-இல், மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தைப் பற்றிக் காந்தியடிகள் எழுதியபோது, நெரிசலையும் அழுக்கையும் சொன்னதோடு அதிகாரிகளின் அலட்சியத்தையும் சேர்த்தே சொன்னார். பலகை கடினம் என்பது ஒரு குறை. பலகையில் உட்கார்ந்திருப்பவனை ஒரு மனிதனாக எண்ணாதது வேறொரு குறை. எனக்கு வழக்கு இரண்டாவதில்தான்.

மும்பையில் எங்கள் விமானம் விடியற்காலை 4 மணி 15 நிமிடத்துக்குப் புறப்பட வேண்டும். 3 மணிக்கே வாயிலருகே போய் உட்கார்ந்துவிட்டோம். 4 மணிக்குப் பலகையில் 4-45 என்று மாறியது. 4-45 ஆனதும் 5-15 என்றது. பிறகு 5-45. இப்படியே அரை மணி அரை மணியாக நகர்ந்து, உண்மையில் விமானம் கிளம்பியது 9 மணி 50 நிமிடத்துக்கு. பதினோரு தடவை 'இன்னும் அரை மணி' என்ற சொல்லைக் கேட்டேன். தொழில் பழக்கத்தால் எண்ணி வைத்தேன்.

ஜன்னலுக்கு உட்புறம் இருப்பவனுக்கு இதன் பொருள் நன்றாய் விளங்கும். கல்யாணில் வண்டி தாமதமானால் நாங்கள் 2 மணி 40 நிமிடம் என்று சொல்லிவிடுகிறோம். வண்டி எந்த ஸ்டேஷனைக் கடந்தது என்பது எங்களுக்குத் தெரியும். இப்பொழுது கைபேசியில் எல்லாருக்குமே தெரியும். கேட்டவர் எங்கள் பரம்பரையைத் திட்டுவார். பிறகு துண்டை விரித்துப் படுத்துவிடுவார், அல்லது வெளியே போய் வடாபாவ் தின்றுவிட்டு வருவார். 3 மணிக்கு மேல் தாமதம், போக விருப்பமில்லை என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தர விதி இருக்கிறது. உள்ளதைச் சொன்னால் பிரயாணி தன் நேரத்துக்குத் தானே எஜமானன் ஆகிறான். அரை மணி என்று சொல்லப்பட்டவனால் படுக்க முடியாது, உண்ண முடியாது, கழிப்பறைக்குப் போகவும் அஞ்சுவான். அன்றைக்கு அந்த வாயிலில் கைக்குழந்தையோடும் கைத்தடியோடும் இருந்த அத்தனை பேரும் ஐந்தரை மணி நேரம் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எழுந்து போய் அங்கிருந்த சிப்பந்தியிடம், "நானும் ஒரு கவுண்ட்டர்க்காரன்தான். என்ன கோளாறு, எப்போது கிளம்பும் என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாது என்றாலும் பரவாயில்லை" என்றேன். "டெக்னிகல் காரணம். இன்னும் அரை மணி" என்றார் அந்த இளம்பெண். அவரையும் குறை சொல்வதற்கில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட சொல் அது ஒன்றுதான் என்பது முகத்திலேயே தெரிந்தது. மூன்று மணி நேரப் பிரயாணமான எங்களுடையதைப் போன்ற விமானம் 3 மணிக்கு மேல் தாமதமானால் உணவு கொடுக்க வேண்டும் என்று நம் சிவில் விமானத் தலைமை இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. 8 மணிக்கு ஆளுக்கொரு சமோசாவும் கையளவு தண்ணீர் பாட்டிலும் வந்தன. விதி நிறைவேறியதாகக் கணக்கு.

நல்லவேளையாக அன்னையார் ரயில் வழக்கப்படி இருபது இட்லியை மிளகாய்ப்பொடியில் புரட்டிக் கட்டி வந்திருந்தார். மாவடு பாட்டிலைச் சோதனையில் எடுத்துக்கொண்டார்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் கைப்பையில் கூடாதாம். இட்லி திரவமல்ல என்பதில் அவர்களுக்கும் சந்தேகம் எழவில்லை.

நடுவழி நகரத்தில் இறங்கியபோது டொராண்டோ விமானம் போய்விட்டிருந்தது. அடுத்தது மறுநாள் காலை. இணைப்பு தவறியவர்கள் முந்நூறு பேருக்குக் குறையாமல் ஒரே மேஜையின் முன் வரிசை நின்றோம். மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். சக்கர நாற்காலி கேட்டு முன்பதிவு செய்திருந்ததால் அன்னையாரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார். வந்தவர், ஒரு மூலையில் இதேபோல் பதினைந்து முதியவர்கள் வரிசையாக இருத்தப்பட்டிருந்த இடத்தில் இவரையும் நிறுத்திவிட்டு, "இதோ வருகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் போனார். ஒருவர் பின் ஒருவராக அந்த முதியவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். பார்சல் ஆபீசில் கேட்பாரற்ற மூட்டைகளை ஒருபுறம் ஒதுக்கி வைப்போம். அதன் நினைவு வந்தது.

மூன்று மணி நேரம் நின்று நான் மேஜையை அடைந்தேன். தங்கும் அறை காலியில்லை என்றார்கள். உணவுக்குச் சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டை ஏற்றுக்கொண்ட இரண்டு கடைகளிலும் சைவம் என்று கேட்டதற்கு உருளைக்கிழங்கு வறுவலைக் காட்டினார்கள். நான் திரும்பி வந்தபோது மைத்துனரிடமிருந்து கைபேசியில் செய்தி வந்திருந்தது: விடியற்காலையிலேயே தங்கைக்கு வலி கண்டுவிட்டது, மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடியும் மேஜைக்குப் போனேன். வேறு கம்பெனி விமானத்தில், வேறு ஊர் வழியாக, அன்னையார் ஒருவருக்காவது இடம் போட முடியுமா என்று கேட்டேன். மேலாளரைக் கேட்டுச் சொல்வதாக ஒருவர் உள்ளே போனார். அவர் வெளியே வருவதை நான் பார்க்கவில்லை. அவர் இடத்தில் வந்து உட்கார்ந்தவருக்கு என் கதை தெரியாது, முதலிலிருந்து சொன்னேன். அவரும் மேலாளரைக் கேட்பதாகச் சொன்னார்.

அன்று எங்களுக்கு உள்ளதை உள்ளபடி சொன்னவர் ஒரே ஒருவர். மாலை ஷிஃப்டுக்கு வந்த சக்கர நாற்காலி ஊழியர்; பரமக்குடிப் பக்கத்துக்காரர். நாங்கள் பேசிக்கொண்டிருந்த தமிழைக் கேட்டு நின்றார். விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு, "அம்மா, உள்ளதைச் சொல்கிறேன். நாளைக் காலைக்கு முன்னால் உங்களுக்கு விமானம் கிடையாது. வேறு கம்பெனியில் போட மாட்டார்கள். நான் எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். தம்பி புதுச் சீட்டை மட்டும் கையில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் காலை நீட்டிப் படுத்துவிடுங்கள்" என்றார். எங்களை ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் ஓரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே தரைக்கு விரிப்பு இருந்தது. எங்கிருந்தோ இரண்டு கம்பளி கொண்டுவந்தார். அன்னையார் மிச்சமிருந்த இட்லியில் நான்கை அவருக்குக் கொடுத்தார். அவர் அதை நின்றபடியே தின்று, பொடியில் எள் போட்டிருக்கிறதா என்று கேட்டார். வந்தது கெட்ட செய்தி. ஆனால் செய்தி வந்ததும் அன்னையார் தூங்கிவிட்டார்.

டொராண்டோ நேரப்படி அன்று மாலை 6 மணி 10 நிமிடத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாங்கள் இருந்த இடத்தில் நள்ளிரவு கடந்திருந்தது. அன்னையாரை எழுப்பிச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து, "எடை என்ன?" என்றார். 2 கிலோ 900 என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவள் பக்கத்தில் யார் இருந்தது?" என்று கேட்டார். மாப்பிள்ளை இருந்தார், நர்ஸ் இருந்தார் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு அப்புறம் படுக்கவில்லை. குறித்த நேரப்படி போயிருந்தால் எங்கள் விமானம் டொராண்டோவில் இறங்கியிருக்க வேண்டியது பிற்பகல் 2 மணி 30 நிமிடத்துக்கு. வித்தியாசம் 3 மணி 40 நிமிடம். கால அட்டவணை பார்க்கும் தொழிலில் இருப்பவனுக்கு இப்படிப்பட்ட கழித்தல் வேண்டாமென்றாலும் மனத்தில் ஓடிவிடுகிறது.

மறுநாள் விமானத்தில் எங்களை 13 வரிசை தள்ளித் தள்ளி உட்காரப் போட்டிருந்தார்கள். பணம் கட்டிச் சேர்த்து வாங்கிய இடங்கள் முதல் டிக்கெட்டோடு போயினவாம். லூதியானாவிலிருந்து படிக்கப் போகும் ஒரு பையன், அன்னையார் இந்தியில் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எழுந்து என் இடத்துக்குப் போனான். சைவ உணவு என்று எழுதி வைத்ததும் அந்தப் பழைய டிக்கெட்டோடு தொலைந்திருந்தது. ஒரு விமானப் பணிப்பெண் மட்டும் முன்வகுப்பிலிருந்து வாழைப்பழமும் தயிரும் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் நன்றாயிருக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். விமானக் கம்பெனிகளின் பட்டியலில் 'இந்து உணவு' என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்துச் சைவம் என்று எண்ணிவிட வேண்டாம். அதில் மாட்டிறைச்சி இராதே தவிர ஆடும் கோழியும் மீனும் வரலாம். நமக்கு வேண்டியது 'ஏசியன் வெஜிடேரியன்', சுருக்கெழுத்தில் ஏ.வி.எம்.எல். டிக்கெட் மாறினால் இதையும் மறுபடி சொல்ல வேண்டும். வழக்கமாக 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லக் கேட்பார்கள்.

டொராண்டோவில் இரண்டு பெட்டிகளில் ஒன்றுதான் வந்தது. வராத பெட்டியில் சுக்கு, ஓமம், வசம்பு, பிரசவ லேகியம் ஆகியவற்றோடு தந்தையாரின் பழைய வேட்டி ஒன்றும் இருந்தது. குழந்தையை முதலில் கிடத்துவதற்கென்று அன்னையார் அதைப் பதினைந்து ஆண்டுகளாய் எடுத்து வைத்திருந்து, புறப்படுவதற்கு முன் துவைத்து, நான்காய்க் கிழித்து மடித்திருந்தார். புதுத்துணி பச்சைப் பிள்ளைக்கு ஆகாது. வீட்டுப் பெரியவர் உடுத்தி நைந்த துணிதான் ஆகும் என்பது நம்மிடம் உள்ளதுதான். பெட்டி வராததற்கு விமான நிலையத்திலேயே எழுதிக் கொடுக்க ஒரு படிவம் இருக்கிறது. அதை வாங்காமல் வெளியே வரக் கூடாது. 'உள்ளிருக்கும் பொருள்கள், மதிப்பு' என்று கேட்டிருந்தார்கள். சுக்குக்கும் லேகியத்துக்கும் விலை போட்டேன். பழைய வேட்டி, 1 என்று எழுதி, விலைக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். பெட்டி நான்காம் நாள் வந்தது. அதற்குள் குழந்தை மருத்துவமனைத் துணியிலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

இனி முறையீட்டின் நிலைமை. பெட்டி விஷயத்தை ஆளுவது 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கை. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. பெட்டி சேதமாயிருந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதமாய் வந்தால் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். நான் பெட்டி வந்த அன்றே கேட்டேன். இழப்புக்கு உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஆளுக்கு 1,519 எஸ்.டி.ஆர். என்று உயர்ந்திருக்கிறது, இது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு, ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். அந்த நான்கு நாளைக்காக நாங்கள் அங்கே வாங்கிய துணிகளுக்கும் மருந்துகளுக்கும் ரசீது வைத்திருந்தபடியால் அந்தத் தொகை வந்து சேர்ந்தது. ரசீது இல்லாதவர்களுக்குக் கடினம்.

தாமதத்துக்கு வேறு வழி. கனடாவில் 2019 முதல் விமானப் பிரயாணிகள் பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. அந்நாட்டுக்கு வரும் விமானங்களுக்கும் அவை பொருந்தும். பெரிய கம்பெனியானால், போய்ச் சேர 9 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும்போது ஆளுக்கு 1,000 கனடிய டாலர். ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். 30 நாளில் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். ஆனால் தாமதம் கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருந்ததாகவும், பாதுகாப்பின் பொருட்டு நேராததாகவும் இருந்தால்தான் அந்தத் தொகை. 'டெக்னிகல்' என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அப்பொழுதுதான் விளங்கிற்று. என் கடிதத்துக்கு முதலில் இயந்திரம் ஒரு வரிசை எண்ணை அனுப்பியது. இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது; அன்னையாரை 'மிஸ்டர்' என்று விளித்து, பாதுகாப்புக் காரணத்தால் நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துவதாகவும், அடுத்த டிக்கெட்டில் நூற்றுக்குப் பத்துக் கழிவு தருவதாகவும் எழுதியிருந்தார்கள். அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்பதை நான் எங்கள் ஒலிபெருக்கியில் நாளைக்கு இருபது முறை கேட்கிறவன். அதில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் எங்கள் ஒலிபெருக்கி அதற்கு முன்னால் எந்த வண்டி, எத்தனை நிமிடம் என்பதையும் சொல்லும்.

என்ன பழுது, எந்த மணிக்கு அது தெரிந்தது, பதினோரு அரை மணிகளை யார் எந்த ஆதாரத்தில் அறிவித்தார்கள் என்று மூன்று கேள்விகள் எழுதிக் கனடியப் போக்குவரத்து முகமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அங்கே வரிசை நீளம் என்கிறார்கள். வரிசையில் நிற்பது நமக்குப் புதிதல்ல. பணம் வந்தால் மைத்துனருக்குப் போகும். அந்த மூன்று கேள்விக்குப் பதில் வந்தால் எனக்கு.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். நான் தனியாகத் திரும்பியபோது அதே கம்பெனியின் இரண்டு விமானங்களும் நிமிடம் பிசகாமல் ஓடின. எங்கள் பொதுப் பெட்டியில் 90 இருக்கைக்கு இருநூறு பேர் தொங்கிக்கொண்டு போவதை அறிந்தவன் நான். பிறர் வீட்டு ஓட்டைகளை மட்டும் எண்ண உட்காரவில்லை.

அன்னையார் கோடை வரை அங்கே தங்கினார். திரும்பும் டிக்கெட்டும் அதே கம்பெனியினுடையது. மாற்றினால் பாதிப் பணம் போய்விடும் என்று மைத்துனரிடம் வேண்டாமென்றேன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு தொலைபேசியில் எல்லாவற்றையும் படித்துப் படித்துச் சொன்னேன்: நடைபாதை ஓரத்து இருக்கை, ஏ.வி.எம்.எல்., சக்கர நாற்காலி, காலுறை, மருந்தும் முக்கியமான துணிமணிகளும் பெட்டியில் வேண்டாம், கைப்பையில். "முக்கியமான துணி என்று எனக்கு என்ன இருக்கிறது" என்றார். "வேட்டியைப் பிள்ளையிடமே விட்டுவிட்டு வருகிறேன். அந்த இடத்தில் இட்லியை வைத்துக்கொள்வேன்."